மனப்பாடம் செய்த கதை பாதியில் மறந்துபோனது: வாயால் கதை சொல்ல எப்படிப் பழகுவது?

பின்வரிசை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஆறு வருடமாக இரவில் கதை சொல்கிறேன். இதைத் தெரிந்த தோழி ஒருத்தி, "எங்கள் வாசகர் கூட்டத்தில் பெரியவர்களுக்கு ஒரு கதை சொல்லேன்" என்று கேட்டாள். நாற்பது பேர், பன்னிரண்டு நிமிடம். சரி என்றேன்.

கதை நானே கட்டியது. ஒரு படகோட்டி. நள்ளிரவில் ஒருவன் வந்து அக்கரைக்குப் போக வேண்டும் என்கிறான். அவன் ஏறி உட்கார்ந்த பிறகும் படகு தாழவில்லை. அங்கிருந்து கதை கிளம்பும். ஆறு பக்கம் எழுதி, திருத்தி, மூன்று வாரம் மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போதும் பேருந்திலும் அதே வேலைதான்.

மேடையில், நான்காம் பக்கத்தில் "துடுப்பின் நுனியில்" என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் வர வேண்டும். வரவில்லை. அது வராததால் அதற்குப் பின்னால் இருந்த இரண்டரைப் பக்கமும் சேர்ந்து காணாமல் போயிற்று. கதை எனக்குத் தெரியும், நான் கட்டிய கதைதானே! ஆனால் வாய் திறக்கவில்லை. எப்படியோ முடிவுக்குத் தாவி இறங்கிவிட்டேன்.

அதைவிட உறுத்துவது வேறொன்று. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "ரொம்ப நல்லா வாசிச்சீங்கம்மா" என்றார். என் கையில் காகிதமே இல்லை.

மகளிடம் சொல்லும்போது இருக்கிற குரல் அங்கே எங்கே போனது? மேடைக்கென்று தனியாக ஒரு குரலைப் பழக வேண்டுமா? இரண்டு மாதத்தில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். போகலாமா என்றே தெரியவில்லை.

கொட்டாவி எழுதியது:

உங்கள் கேள்விக்குப் பதிலை அந்தப் பெரியவரே சொல்லிவிட்டார். அது இருக்கட்டும், படகு ஏன் தாழவில்லை?

பழைய மைக் எழுதியது:

போங்கள். கட்டாயம் போங்கள். இருபது வருடத்துக்கு மேல் கதை சொல்லி வருகிறேன். நடுவில் மறந்து நின்றது எத்தனை தடவை என்று எண்ணி வைத்திருந்தால் அதையே ஒரு கதையாகச் சொல்லலாம்.

நீங்கள் மனப்பாடம் செய்தது கதையை அல்ல, வாக்கியங்களை. வாக்கியங்கள் ஒன்றன் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்று கையை விட்டால் பின்னால் உள்ளவை எல்லாம் விழும். மகளிடம் சொல்லும்போது வாக்கியமா ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்? ஆறு தெரிகிறது, படகு தெரிகிறது, தெரிவதைச் சொல்கிறீர்கள்.

நான் செய்வது இது. கதையை ஏழெட்டுப் படங்களாக்கிக்கொள்வேன். இருட்டுக் கரை. கூப்பிடும் குரல். தாழாத படகு. நடு ஆறு. இப்படி. ஒவ்வொரு படத்திலும் நானே போய் நின்று பார்ப்பேன். நிலா எந்தப் பக்கம் இருக்கிறது, துடுப்பின் பிடி ஈரமா காய்ந்திருக்கிறதா, வந்தவன் செருப்புப் போட்டிருக்கிறானா என்று. இதில் முக்கால்வாசியைச் சொல்லவே மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை மறந்தால் படத்தைப் பார்த்து வேறு வார்த்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம். ஏறும்போது கால் நடுங்கும், அதற்கு முதல் வாக்கியம். இறங்கும்போது எப்படி முடிப்பது என்று வழவழவென்று இழுப்போம், அதற்குக் கடைசி வாக்கியம்.

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். எழுதியபோது அநேகமாக இப்படி எழுதியிருப்பீர்கள்:

"அந்த மனிதன் ஏறி அமர்ந்த பின்னரும் படகு சிறிதளவும் தாழாததைக் கண்டு படகோட்டி திகைப்புற்றான்."

கண்ணுக்கு இது நல்ல வாக்கியம். காதுக்கு ஆகாது. கேட்பவருக்குத் திரும்பிப் போய்ப் படிக்க வழி கிடையாது. "தாழாததை" என்று வரும்போதே "கண்டு" வந்துவிடுகிறது, பயப்பட நேரமே இல்லை. இதையே வாயால் சொன்னால்:

"ஆள் ஏறினான். உக்காந்தான். படகு தாழலை."

இங்கே நிறுத்துங்கள். மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். அப்புறம்:

"முப்பது வருசமா துடுப்பு போடுறவன். ஒரு பூனை ஏறினாக்கூட அவனுக்குக் கால்ல தெரியும்."

திகைத்தான் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. திகைப்பது அவர்கள் வேலை.

மூன்றாம் மணி எழுதியது:

நான் நாடகக்காரன். மேலே சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மனப்பாடத்தை இவ்வளவு மட்டமாகப் பேச வேண்டாம். நாங்கள் இரண்டு மணி நேர வசனத்தை மனப்பாடம் செய்துதான் பேசுகிறோம், யாரும் "வாசித்தீர்கள்" என்று சொல்வதில்லை. குறை அரைகுறை மனப்பாடத்தில் இருக்கிறது. மூன்று வாரம் போதாது. அடுப்படியில் வேலை செய்துகொண்டே, கணக்குப் போட்டுக்கொண்டே, யாராவது குறுக்கே பேசும்போதே தடங்கல் இல்லாமல் வர வேண்டும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் வார்த்தையைப் பற்றிய கவலையே போய்விடும். அப்போதுதான் முகமும் கையும் விடுதலையாகும்.

"தோன்றியதைச் சொல்" என்று போனவர்களின் கதைகளையும் கேட்டிருக்கிறேன். "வந்து... அப்புறம்... அதாவது என்னன்னா..." என்று பன்னிரண்டு நிமிடம் இருபத்தைந்து ஆகும்.

அடிக்குறிப்பு எழுதியது:

இந்தச் சண்டை பழையது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளர், உதவியாளர் ஆல்பர்ட் லார்டுடன் யூகோஸ்லாவியாவில் பாட்டாகக் கதை சொல்பவர்களைப் பதிவு செய்தார். ஒற்றைத் தந்தி வாத்தியத்தை இழைத்துக்கொண்டே மணிக்கணக்கில் பாடுவார்கள். அவர்களில் பெரிய ஆள் அவ்தோ மெஜெதோவிச். கசாப்புக்கடைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாது. 1935-ல் அவர் ஒரே கதையை 12,000 வரிகளுக்கு மேல் சொல்லி எழுத வைத்தார்.

பாரி அவரிடம் ஒரு காரியம் செய்தார். அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு கதையை இன்னொரு பாடகரைப் பாடச் சொன்னார். 2,294 வரி. அவ்தோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "இப்போது நீங்கள் பாட முடியுமா?" என்று கேட்க, அவ்தோ அதே கதையைப் பாடினார். 6,313 வரி! ஒரே ஒரு தடவை கேட்ட கதை கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகிவிட்டது. மனப்பாடம் செய்ய நேரம் ஏது? கதையின் எலும்பைப் பிடித்துக்கொண்டார், சதை அவருடையது.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்தப் பாடகர்களைக் கேட்டால், "சொல்லுக்குச் சொல் அப்படியேதான் பாடுகிறேன்" என்று அடித்துச் சொல்வார்களாம். பதிவுகளை ஒப்பிட்டால் சொற்கள் வேறு வேறாக இருந்தன. பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு "சொல்" என்பதே நாம் எழுத்தில் பிரிக்கிற சொல் அல்ல.

மூன்றாம் மணி எழுதியது:

சுவையான தகவல். ஆனால் அவர்கள் சின்ன வயதிலிருந்தே வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஊறியவர்கள். குதிரைக்குச் சேணம் பூட்டுவது, படை கிளம்புவது எல்லாம் தயார்ச் சரக்காகக் கையில் இருக்கும். நம் தோழிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது.

பழைய மைக் எழுதியது:

நியாயம். நானும் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். கதையில் திரும்பத் திரும்ப வரும் வரி இருந்தால் அது ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. விடுகதை, சிரிப்பு வெடிக்கும் இடம், பாட்டு, இவையும் அப்படித்தான். ஒரு சொல் முன்னே பின்னே போனால் சிரிப்பு வராது. மீதியைத் தளர்வாக விடலாம்.

வினையெச்சம் எழுதியது:

தமிழாசிரியர் வேலை பார்த்தவன், அதனால் மொழிப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். அந்தத் "தயார்ச் சரக்கு" நம் எல்லோரிடமும் இருக்கிறது. எழுத உட்கார்ந்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

யாராவது ஒரு சம்பவத்தைச் சொல்லும்போது கவனியுங்கள். "ஆத்தங்கரைக்குப் போனான். போயி, படகை அவுத்தான். அவுத்துட்டு, ஏறி உக்காந்தான்." முந்தின வினையைத் தொட்டுக்கொண்டே அடுத்ததுக்குப் போகிறோம். எழுத்தில் இதைக் கூறியது கூறல் என்று நானே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். வாய்ப்பேச்சில் இது தங்கம். "போயி" என்று இழுக்கும் அரை விநாடியில் சொல்பவருக்கு அடுத்த படம் கிடைக்கிறது, கேட்பவருக்கு வந்து சேர நேரம் கிடைக்கிறது. மேலே நாடக நண்பர் கிண்டல் செய்த "வந்து... அதாவது..." வேலையையே இது அழகாகச் செய்கிறது.

அடுத்தது "பார்த்தா". இலக்கணத்தில் நிபந்தனை. "பார்த்தால் சொல்" என்பது போல. கதையில் அது கதவு. "கதவைத் தள்ளிட்டு உள்ளே போயிப் பார்த்தா..." இங்கே நிறுத்தினால் நாற்பது பேரும் உங்களோடு எட்டிப் பார்ப்பார்கள். "பார்த்தான், அங்கு ஒருவரும் இல்லை" என்று எழுதினால் எட்டிப் பார்க்க இடமே இல்லை.

மூன்றாவது, "ஆம்". "ஒரு படகோட்டி இருந்தானாம். ராத்திரியில யாரோ கூப்பிட்டாங்களாம்." நான் பார்க்கவில்லை, எனக்கும் யாரோ சொன்னதுதான் என்று ஒரு சின்ன ஒட்டு சொல்லிவிடுகிறது. இது கேட்பவரைப் பத்திரமான தூரத்தில் உட்கார வைக்கும். நெருக்கமான இடம் வந்ததும் "ஆம்"-ஐ விட்டுவிட்டு நிகழ்காலத்துக்கு வந்துவிடுங்கள். "கூப்பிட்டாங்களாம்... போனானாம்... ஆள் ஏறுறான்." யாரும் இலக்கணம் மாறியதைக் கவனிக்க மாட்டார்கள். முதுகு மட்டும் நிமிரும். முழுக்க "ஆம்" போட்டே சொன்னால் தாலாட்டு ஆகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வாசிச்சீங்க" என்றாரே அந்தப் பெரியவர், அவர் காதில் விழுந்தது எழுத்துத் தமிழ். நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்று இருக்கிற மொழியில், எழுதி மனப்பாடம் செய்த உடனேயே பாதிக் குரல் போய்விடுகிறது.

பின்வரிசை எழுதியது:

ஐயா, இதைப் படித்ததும் என் ஆறு பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். "போயி" ஒன்றுகூட இல்லை. "திகைப்புற்றான்" இருக்கிறது. பழைய மைக் அண்ணன் எப்படிக் கண்டுபிடித்தார் என்றே தெரியவில்லை!

ஒரு சந்தேகம். பேச்சுத் தமிழில் சொன்னால் என் வட்டார வழக்கு வெளியே வந்துவிடும். வேலைக்குப் போன புதிதில் அதற்காகக் கேலி செய்யப்பட்டவள் நான். இப்போது அலுவலகத்தில் பொதுவாக ஒரு மாதிரி பேசிக்கொள்கிறேன். மேடையில் எதைப் பேசுவது?

இரவல் குரல் எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பெயரே அப்படித்தான் வந்தது.

எனக்கு ஒரு கதைசொல்லியை மிகவும் பிடிக்கும். பெயர் வேண்டாம். அவர் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகினேன். மூன்று வருடம் மேடைகளில் சொன்னேன், கைதட்டும் கிடைத்தது. ஒரு நாள் என் நிகழ்ச்சி ஒன்றின் பதிவைக் கேட்டேன். திகில் இடத்துக்கு முன்னால் லேசாக இருமுகிறேன். எனக்குச் சளி இல்லை. அது அவருடைய இருமல். அவருக்கு ஆஸ்துமா! மூன்று வருடமாக இன்னொருவரின் நோயை நடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பார்த்துப் பழகுவது தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். ஆனால் ஒருவரை மட்டும் பார்த்தால் நகலாகிவிடுவோம். பத்துப் பேரைக் கேளுங்கள். ஒருவர் எங்கே நிறுத்துகிறார், இன்னொருவர் கிழவியின் குரலை மாற்றாமலே எப்படிக் கிழவியைக் கொண்டு வருகிறார் என்று பாருங்கள்.

என் குரலை நான் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. ஒரு நாள் பேருந்தில் செல்பேசியைத் தொலைத்துவிட்டு வந்து வீட்டில் ஒரே புலம்பல். "நான் இறங்குறேன், பாக்கெட்டுல கைய விடுறேன், இல்லை. திரும்பிப் பார்த்தா பஸ் போயிட்டிருக்கு..." தம்பி அதைக் குறும்புக்காகப் பதிவு செய்துவிட்டான். மறுநாள் போட்டுக் காட்டினான். மேடையில் நான் சொன்ன எந்தக் கதையையும்விட அது நன்றாக இருந்தது. வேகம் ஏறி இறங்குகிறது, நடத்துநர் குரல் வருகிறது, என் வழக்குச் சொல் எல்லாம் வருகிறது, இருமல் இல்லை. நீங்களும் கோபமாகவோ குஷியாகவோ ஒரு சம்பவம் சொல்லும்போது யாரையாவது பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாமல் செய்தால் இன்னும் நல்லது.

வட்டார வழக்கு பற்றி: கேட்பவருக்குப் புரியாத சொல்லை மட்டும் மாற்றுங்கள். ராகத்தை மாற்றாதீர்கள்.

தொண்டைக்குழி எழுதியது:

பேச்சுப் பயிற்சி தருபவள் நான். பதிவு செய்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டார், ஒரு எச்சரிக்கை. முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, கீச்சென்று மெலிதாகத் தெரியும். பேசும்போது நம் குரல் காற்று வழியாகக் காதுக்கு வருவதோடு மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு கனமான ஒலிகளை நன்றாகக் கடத்தும். பதிவில் அந்தப் பங்கு இல்லை. மற்றவர்கள் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மெலிந்த குரலைத்தான், அவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

மேடையில் குரல் மாறியதற்கு உடம்பும் காரணம். பயத்தில் கழுத்துத் தசை இறுகும், குரல்வளை மேலே ஏறும், சுருதி கூடும். பெண்களுக்குக் குரல் நாண்கள் பேசும்போது சராசரியாக நொடிக்கு 200 தடவை வாக்கில் அதிரும், ஆண்களுக்கு 120 வாக்கில். பயம் இதை உயர்த்திவிடும். "ஆழமாக மூச்சை இழு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஏற்கெனவே நெஞ்சு நிறைய காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இன்னும் இழுத்தால் இறுக்கம்தான் கூடும். முதலில் மெதுவாக, முழுக்க, வெளியே விடுங்கள். உள்ளே வருவது தானாக வரும்.

இன்னொன்று, தண்ணீர். மேடை ஏறும் நேரத்தில் மடக் மடக்கென்று குடிப்பதால் குரல் நாண் நனையாது. தண்ணீர் போகும் குழாயே வேறு. உடம்பு வழியாகத்தான் ஈரம் போய்ச் சேர வேண்டும், அதனால் காலையிலிருந்தே குடியுங்கள். கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்யாதீர்கள், நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்ணாகும். ஒரு வாய் தண்ணீரோ எச்சிலை விழுங்குவதோ போதும்.

கொட்டாவி எழுதியது:

எல்லாம் சரி. படகு?

பழைய மைக் எழுதியது:

கொட்டாவி பெயருக்கு ஏற்ற ஆள் இல்லை. மூன்று நாளாகத் தூங்காமல் இருக்கிறார்.

பின்வரிசை, அவரைக் கவனியுங்கள். மகளிடம் உங்களுக்கு இருந்தது அதுதான்: உம் கொட்ட ஒரு ஆள். குழந்தை "ம்" என்றால் அடுத்ததுக்குப் போகிறீர்கள். "ம்" வரவில்லை என்றால் தூங்கிவிட்டாளா, புரியவில்லையா என்று பார்க்கிறீர்கள். பெரியவர்கள் வாயால் உம் கொட்ட மாட்டார்கள். கண்ணால் கொட்டுவார்கள், முன்னால் சாய்ந்து கொட்டுவார்கள். நீங்கள் உள்ளே காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்ததால் அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அடுத்த தடவை இடது, நடு, வலது என்று மூன்று முகங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே முகத்துக்குச் சொல்லி முடியுங்கள், அப்புறம் அடுத்த முகம். மின்விசிறி மாதிரி தலையைச் சுழற்ற வேண்டாம்.

சுவரைப் பார்த்துப் பழகாதீர்கள், கண்ணாடியும் வேண்டாம். மேடைக்கு முன் பத்து ஆட்களிடமாவது தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் சொல்வது ரொம்ப நல்லது. கையும் முகமும் உதவாது, குரல் மட்டும்தான்.

அடிக்குறிப்பு எழுதியது:

அந்தப் பத்துப் பேரில் இரண்டு பேரிடம் ஒரு வாரம் கழித்துக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் இப்படிச் சோதனைகள் செய்து 1932-ல் வெளியிட்டார். அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு திருப்பிக் கேட்டார். அவர்களுக்குப் பழக்கமில்லாதது எல்லாம் உதிர்ந்தது அல்லது மாறியது. பழங்குடியினரின் குடைவுத் தோணி சாதாரணப் படகானது. உங்கள் நண்பர் எதை விட்டுவிடுகிறாரோ அங்கே உங்கள் படம் மங்கலாக இருக்கிறது. எதை ஊதிப் பெரிதாக்குகிறாரோ அங்கேதான் கதை இருக்கிறது.

பின்வரிசை எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நேற்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆறு பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எட்டுப் படம். தம்பியிடம் போனில், சித்தியிடம் நேரில், அலுவலகத் தோழியிடம் மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் என்று பதினொரு பேருக்குச் சொன்னேன். சித்தியிடம் ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். நான் உயிரைக் கொடுத்து வர்ணித்த நிலா அவருக்கு ஞாபகமே இல்லை. பூனையை மறக்கவில்லை. நிலாவைத் தூக்கிவிட்டேன்.

மேடையில் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் குரல் நடுங்கியது. ஒரு படத்தைத் தாண்டிப் போய்விட்டேன், பிறகு "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பி வந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. "படகு தாழலை" என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணினேன். இரண்டு எண்ணும்போதே முன்வரிசையில் ஒருவர் தன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தார். தான் உட்கார்ந்திருப்பது தாழ்கிறதா என்று பார்ப்பது போல. மூன்றை எண்ண மறந்துவிட்டேன்.

வட்டார வழக்கு வந்துவிட்டது. தடுக்கவில்லை. அதே பெரியவரும் வந்திருந்தார். இந்தத் தடவை பாராட்டவே இல்லை. "அந்தப் படகோட்டிக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மகளுக்கும் அதையே சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டாள். "அம்மா, போன வாரம் பூனைன்னு சொன்னே. இப்ப கோழின்னு சொல்றே." இல்லவே இல்லை, சொல்லுக்குச் சொல் அதேதான் சொல்கிறேன் என்று அவளிடம் சண்டை போட்டேன். அப்புறம் பதிவைக் கேட்டேன். கோழிதான்.

அடிக்குறிப்பு எழுதியது:

அவ்தோவின் ஆட்கள் தோற்றார்கள்.

மூன்றாம் மணி எழுதியது:

வாழ்த்துகள். நான் இன்னும் மனப்பாடக் கட்சிதான். ஆனால் அந்த நாற்காலி ஆளுக்காக ஒரு மேடை மாலையைக் கொடுத்துவிடுவேன்.

கொட்டாவி எழுதியது:

இரண்டு மாதம் காத்திருந்தேன். நாற்பது பேருக்குச் சொன்னீர்கள், சித்திக்குச் சொன்னீர்கள், மின்தூக்கி வாசலில்கூடச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே மட்டும் படகு நடு ஆற்றில் நிற்கிறது.

பின்வரிசை எழுதியது:

எழுத மாட்டேன், கொட்டாவி. எழுதினால் மறுபடி "திகைப்புற்றான்" வந்துவிடும். தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள், ஞாயிறு இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிட்டுச் சொல்கிறேன். நடுவில் உம் கொட்ட வேண்டும்.

கொட்டாவி எழுதியது:

அனுப்பிவிட்டேன். ஞாயிறு வர நாலு நாள் இருக்கிறது. அதுவரைக்கும் ஒன்றே ஒன்று: ஏறினவனுக்கு நிழல் இருந்ததா, இல்லையா?